கரை சேர்ந்த சட்டங்கள், தரை தட்டிய சட்டங்கள்: ஷெல்டன் ஒயிட்ஹவுசின் கடல் அரசியல்

2015 ஜனவரி 21 அன்று அமெரிக்க செனட் ஒரே பொருள்மீது அடுத்தடுத்து வாக்களித்தது. வாக்கெடுப்புக்கு வந்தவை கீஸ்டோன் எண்ணெய்க் குழாய் மசோதாவுக்கு முன்மொழியப்பட்ட திருத்தங்கள். பருவநிலை மாற்றம் உண்மையே, புரளி அல்ல என்று கூறிய திருத்தத்தை 98 பேர் ஆதரித்தார்கள், எதிர்த்தவர் ஒருவர்தான். அது பெரும் புரளி என்று புத்தகமே எழுதியிருந்த குடியரசுக் கட்சி செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப்கூட ஆதரித்தார். பருவநிலை என்றைக்கும் மாறிக்கொண்டேதான் இருக்கிறது, அதை மாற்றும் வல்லமை மனிதனுக்கு இல்லை என்பது அவர் சொன்ன விளக்கம். இந்த மாற்றத்துக்கு மனிதச் செயல்கள் கணிசமான காரணம் என்று கூறிய இன்னொரு திருத்தம் 50 வாக்குகளோடு நின்றது. தேவைப்பட்டவை 60. நோயை ஒப்புக்கொண்ட அவை, நோய்முதலை ஒப்புக்கொள்ளவில்லை.

98 வாக்குகள் பெற்ற திருத்தத்தைக் கொண்டுவந்தவர், ரோட் ஐலண்டு மாநிலத்தின் ஜனநாயகக் கட்சி செனட்டர் ஷெல்டன் ஒயிட்ஹவுஸ். 2007 முதல் செனட்டில் இருக்கும் அவர், கடல் பாதுகாப்பையும் தூய ஆற்றலையும் ஒரே கொள்கையின் இரு பக்கங்களாகப் பார்ப்பவர். அவருடைய சட்டமியற்றல் பதிவேட்டைத் தொகுத்துப் பார்த்தால் அன்றைய இரு வாக்கெடுப்புகளின் கோடு நெடுகத் தெரிகிறது. கடலுக்கு நேர்ந்த கேட்டைத் துடைக்கும் சட்டங்கள் இரு கட்சிகளின் ஆதரவோடு கரை சேர்ந்தன. அந்தக் கேட்டின் ஊற்றுக்கண்ணைத் தொட முயன்றவை தரை தட்டின. இதற்கு அவர் தரும் காரணம் என்ன, அது எவ்வளவு தூரம் பொருந்துகிறது, எங்கே போதாமல் போகிறது என்பவையே இக்கட்டுரையின் கேள்விகள்.

மாநிலமும் மனிதரும்

ரோட் ஐலண்டு அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலம். மக்கள்தொகை ஏறத்தாழ 11 லட்சம். நரகன்செட் விரிகுடா மாநிலத்தின் நடுப்பகுதிவரை உள்ளே புகுந்திருப்பதால், இத்தனை சிறிய நிலத்துக்கு 640 கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரை உண்டு. 'கடல் மாநிலம்' என்பதே அதன் பட்டப்பெயர். பாயிண்ட் ஜூடித் துறைமுகத்தில் இறங்கும் கணவாய்க்குத் தனிப் பெருமை. 2014இல் கணவாய் வறுவலை மாநிலத்தின் அதிகாரபூர்வ முன்னுணவாக அறிவித்துச் சட்டமே போட்டார்கள்.

அந்தக் கடல் மாறிக்கொண்டிருக்கிறது. 1960களோடு ஒப்பிட்டால் விரிகுடாவின் குளிர்கால நீர் சுமார் இரண்டு டிகிரி செல்சியஸ் சூடேறியிருக்கிறது. ஒரு காலத்தில் அள்ள அள்ளக் கிடைத்த குளிர்காலத் தட்டைமீன் அருகிவிட்டது. குளிர்நீரை நாடும் சிங்கி இறால் தெற்கு நியூ இங்கிலாந்துக் கடலில் வெகுவாகக் குறைந்தது. தெற்கே இருந்த கறுப்பு பாஸ் போன்ற மீன்கள் வடக்கே ஏறி வந்திருக்கின்றன. ஆனால் எந்த மாநிலம் எவ்வளவு பிடிக்கலாம் என்ற ஒதுக்கீடு பழைய மீன்பிடிக் கணக்கை வைத்து வகுக்கப்பட்டது. கோடைத் தட்டைமீன் வடக்கே வந்துவிட்டது, அதைப் பிடிக்கும் உரிமையில் பெரும்பங்கு இன்னும் வட கரோலினாவிடமும் வர்ஜீனியாவிடமும் இருக்கிறது. கண்ணெதிரே திரியும் மீனை வலையிலிருந்து திரும்பக் கடலில் கொட்ட வேண்டிய நிலை ரோட் ஐலண்டு மீனவருக்கு. இது எங்கள் தாத்தா காலத்துக் கடல் இல்லை என்று மீனவர்கள் தன்னிடம் சொன்னதை ஒயிட்ஹவுஸ் செனட்டில் பலமுறை எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய மனைவி கடல் உயிரியல் அறிஞர். ஒயிட்ஹவுசின் தொழிலோ வழக்கறிஞர் தொழில். முதலில் ரோட் ஐலண்டுக்கான கூட்டாட்சி அரசு வழக்கறிஞர், பிறகு மாநில அட்டர்னி ஜெனரல். அந்தப் பதவியில் இருந்தபோது 1999இல் ஈயம் கலந்த பெயின்ட் தயாரித்த நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தார். ஒரு மாநில அரசு அந்தத் தொழில்மீது தொடுத்த முதல் வழக்கு அது. 2006இல் ஜூரி மாநிலத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது; 2008இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. வழக்கு நிலைக்கவில்லை என்றாலும் அதன் தர்க்கம் அவரிடம் நிலைத்துவிட்டது: கேட்டை விளைவித்தவர் யார், அது அவருக்கு எப்போது தெரியும், அதன் செலவை இப்போது யார் சுமக்கிறார்? பிற்காலத்தில் கார்பனைப் பற்றிப் பேசும்போதும் அவர் இதே மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறார்.

கடலிலிருந்து தொடங்கும் வாதம்

2012 ஏப்ரலில் அவர் செனட்டில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். அவை கூடும் வாரந்தோறும், 'விழித்தெழ வேண்டிய நேரம்' என்ற பச்சைப் பலகையைப் பக்கத்தில் நிறுத்திவைத்து, பருவநிலை பற்றி ஓர் உரை. பெரும்பாலும் காலி இருக்கைகளை நோக்கிய பேச்சுதான். 279ஆவது உரையோடு 2021 ஜனவரியில் நிறுத்தியவர், பிறகு மீண்டும் தொடங்கினார்.

அந்த உரைகளில் கடலுக்கு முதலிடம் கொடுத்ததற்கு ஓர் உத்தி உண்டு. வளிமண்டலத்தைப் பற்றிய கணிப்புகளை மாதிரிகளின் பிழை என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாம். கடலில் அதற்கு இடம் குறைவு. பசுமை இல்ல வாயுக்களால் பூமியில் தேங்கும் கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள் போகிறது. அதை வெப்பமானியால் அளக்கலாம். மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சுகிறது. அதனால் தொழிற்புரட்சிக்குப் பின் கடல்மேற்பரப்பின் பிஎச் அளவு சுமார் 0.1 குறைந்திருக்கிறது, அதாவது அமிலத்தன்மை கால்பங்குக்கும் மேல் கூடியிருக்கிறது. இது பள்ளி ஆய்வகத்திலேயே செய்து காட்டக்கூடிய வேதியியல். கடல்மட்ட உயர்வைச் சொல்ல அளவுகோலே போதும் என்று அவர் வாதிடுவார்.

இன்னொரு காரணம் அரசியல். எண்ணெய் விளையும் அலாஸ்காவும் லூசியானாவும் மீன் விளையும் மாநிலங்களும்கூட. குடியரசுக் கட்சிக்காரர்களோடு உட்கார்ந்து பேசக் கடல் ஒரு பொதுத் திண்ணையாக அமையும் என்று அவர் கணக்கிட்டார். 2011இல் அலாஸ்காவின் லிசா முர்கௌஸ்கியோடு சேர்ந்து செனட்டில் கடலுக்கான உறுப்பினர் குழுவை நிறுவியது அந்தக் கணக்கின்படிதான்.

கரை சேர்ந்தவை

கணக்கு ஓரளவு பலித்தது. திருட்டு மீன்பிடிக் கப்பல்கள் சரக்கிறக்குவதைத் துறைமுகத்திலேயே தடுக்கும் சர்வதேச உடன்படிக்கைக்கு 2014இல் செனட் ஒப்புதல் தந்தது. கரையோரப் பாதுகாப்புக்கான தேசிய நிதியம் 2015இல் சட்டமானது. முதலில் வெறும் பெட்டியாக இருந்த அந்த நிதியத்துக்கு 2018இல் 3 கோடி டாலர் வந்தது. அலாஸ்காவின் குடியரசுக் கட்சி செனட்டர் டான் சல்லிவனோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த 'நம் கடல்களைக் காப்போம்' சட்டத்தில் 2018 அக்டோபரில் டொனால்ட் டிரம்ப் கையெழுத்திட்டார். அதன் விரிவான இரண்டாம் வடிவம் 2020 டிசம்பரில் சட்டமானது. இரண்டையும் செனட் எதிர்ப்புக் குரல் எழாமல் ஏற்றது.

இந்த இரண்டாம் சட்டத்தை நிதானித்துப் படிக்க வேண்டும். கடல் குப்பைக்கென ஓர் அறக்கட்டளை, புதுமைக்குப் பரிசு, குப்பை மேலாண்மைக்கு உதவி, பிற நாடுகளோடு ஒத்துழைப்பு என்று அது நீள்கிறது. பிளாஸ்டிக் உற்பத்திக்கு வரம்பு எதுவும் அதில் இல்லை. வேதியியல் தொழில்துறையின் சங்கமே அதை வரவேற்றது; குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிறார்கள் என்று சூழல் அமைப்புகள் பல குறை கூறின. ஒயிட்ஹவுசுக்கும் இது தெரியாததல்ல. 2021இல் அவரே வேறொரு மசோதாவைக் கொண்டுவந்தார்: ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பொருள்களுக்கான புதிய பிளாஸ்டிக்கின் மீது, படிப்படியாக உயர்ந்து பவுண்டுக்கு 20 சென்ட்டை எட்டும் வரி. அதே மனிதர், அதே பிளாஸ்டிக், அதே கடல். குப்பையை அள்ளும் சட்டத்துக்கு எதிர்ப்பே இல்லை. குப்பையைக் குறைக்கும் வரிக்கு வாக்கெடுப்பே இல்லை.

தரை தட்டியவை

தூய ஆற்றலிலும் கதை இதுவே. கார்பன் வெளியேற்றத்துக்கு டன்னுக்கு 42 டாலர் கட்டணம் விதித்து, வசூலாகும் பணத்தை மக்களுக்கே திருப்பித் தரும் மசோதாவை 2014 நவம்பரில் கொண்டுவந்தார். பிறகு ஹவாய் செனட்டர் பிரையன் ஷாட்ஸோடு சேர்ந்து பலமுறை திருத்திக் கொண்டுவந்தார். 2022இல் எஃகு, சிமென்ட் போன்றவற்றின் கார்பன் அளவுக்கேற்ப உள்நாட்டுப் பொருளுக்கும் இறக்குமதிக்கும் கட்டணம் விதிக்கும் மசோதா. இவற்றில் எதுவும் சட்டமாகவில்லை.

அதேசமயம், எரிபொருள் தொழிலுக்கு வலிக்காத தூய ஆற்றல் சட்டங்கள் எளிதாகவே நிறைவேறின. கார்பனைப் பிடித்து மண்ணுக்குள் புதைப்பவர்களுக்கு வரிச்சலுகையைக் கூட்டும் ஏற்பாடு 2018 பிப்ரவரியில் வந்தது. புதிய அணு உலைகளின் ஆய்வுக்கு வழிவிடும் சட்டம் அதே ஆண்டு செப்டம்பரில் வந்தது. இரண்டிலும் குடியரசுக் கட்சிக்காரர்கள் அவரோடு கைகோத்தார்கள். எண்ணெய்க் கிணறுகளின் ஆயுளை நீட்டவே கார்பன் புதைப்பு உதவும் என்று கண்டிக்கும் சூழல் இயக்கத்தினர், இந்த இடத்தில் அவரிடமிருந்து விலகி நிற்கிறார்கள். கரைசேரும் எதையும் விடக்கூடாது என்பது அவருடைய நடைமுறை.

ஊற்றுக்கண்ணைத் தொட்ட முயற்சிகளில் ஒன்று மட்டும் சட்டமானது. எண்ணெய், எரிவாயு வயல்களில் வரம்பு மீறிக் கசியும் மீத்தேனுக்குக் கட்டணம் என்ற யோசனையை அவரும் சக செனட்டர்களும் 2021இல் மசோதாவாக வைத்தார்கள். அது 2022 ஆகஸ்ட்டின் பணவீக்கக் குறைப்புச் சட்டத்தில் இடம்பெற்றது. டன்னுக்கு 900 டாலரில் தொடங்கி 1,500 டாலருக்கு உயர வேண்டிய கட்டணம். ஆனால் அச்சட்டம் ஜனநாயகக் கட்சியின் வாக்குகளால் மட்டுமே நிறைவேறியது. ஆட்சி மாறியதும் 2025 மார்ச்சில் வசூல் விதிமுறை ரத்தானது. அதே ஆண்டு ஜூலையில் கட்டணமே 2034க்குத் தள்ளிப்போடப்பட்டது.

பணம் என்ற விடை

இந்த வேறுபாட்டுக்கு ஒயிட்ஹவுஸ் தரும் விளக்கம் ஒற்றைச் சொல்லில் அடங்கும்: பணம். பருவநிலைச் சட்டங்களுக்கு ஒரு காலத்தில் ஜான் மெக்கெய்ன், சூசன் காலின்ஸ் போன்ற குடியரசுக் கட்சி செனட்டர்களும் துணைநின்றார்கள். 2010 ஜனவரியில் 'சிட்டிசன்ஸ் யுனைடெட்' வழக்கில் உச்ச நீதிமன்றம், தேர்தல் பிரசாரத்தில் நிறுவனங்கள் வரம்பின்றிச் செலவிடலாம் என்று தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து கொடுத்தவர் பெயர் வெளியே தெரியாத பணம் தேர்தலில் புகுந்தது, குடியரசுக் கட்சியில் பருவநிலை பற்றிப் பேசுபவர் தன் இடத்தை இழக்கும் நிலை வந்தது என்பது அவர் வாதம். 2017இலும் 2022இலும் அவர் எழுதி வெளியிட்ட இரு நூல்களும் பணம் அரசு அமைப்புகளைக் கைப்பற்றுவது பற்றியவையே.

பழைய அட்டர்னி ஜெனரல் 2015இல் ஒரு படி மேலே போனார். புகையிலையின் கேடு தெரிந்தே மறைத்த நிறுவனங்கள்மீது கூட்டாட்சி அரசு தொடுத்த உரிமையியல் வழக்கு 2006இல் வென்றது. எரிபொருள் நிறுவனங்கள் விஷயத்திலும் அப்படியொரு வழக்குக்கு ஆதாரம் உண்டா என்று விசாரிக்க வேண்டும் என்று எழுதினார். மாற்றுக் கருத்தைக் குற்றமாக்கப் பார்க்கிறார் என்று வலதுசாரி ஏடுகள் கொதித்தன. தான் கேட்டது உரிமையியல் விசாரணை, அதுவும் மோசடி பற்றியது என்பது அவர் பதில்.

பணம் என்ற விடையில் உண்மை நிறைய இருக்கிறது. ஆனால் அது முழு விடையா? 2009இல், அதாவது அந்தத் தீர்ப்புக்கு முன்பே, கார்பன் வரம்பு மசோதா பிரதிநிதிகள் சபையில் 219க்கு 212 என்ற நூலிழையில்தான் தப்பியது. செனட்டில் வாக்கெடுப்புக்கே வரவில்லை. நிலக்கரி மாநிலங்களின் ஜனநாயகக் கட்சியினரும் அதைக் கண்டு தயங்கினார்கள். சுரங்கத்தை நம்பிய ஊர், பெட்ரோல் விலையைப் பார்த்து வாக்களிக்கும் குடும்பம் என்ற தடைகளுக்கு நன்கொடைப் பட்டியலில் மட்டும் விளக்கம் கிடைக்காது. இந்தப் போதாமை தெளிவாகத் தெரியும் இடம் அவருடைய சொந்தக் கடல்தான்.

பிளாக் ஐலண்டு தந்த பாடம்

பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் நான்டக்கெட் நீரிணையில் 130 காற்றாலைகள் நிறுவும் 'கேப் விண்ட்' திட்டம் 2001இல் அறிவிக்கப்பட்டது. தூய ஆற்றலுக்குக் குரல் கொடுத்த அம்மாநில செனட்டர் எட்வர்ட் கென்னடியே அதை எதிர்த்தார். அவர் குடும்பத்தின் கடற்கரை வீடு அந்த நீரிணையை ஒட்டியது. வழக்குமேல் வழக்காக இழுத்து, 2017இல் திட்டம் கைவிடப்பட்டது.

ரோட் ஐலண்டு வேறு வழியில் நடந்தது. எந்த நிறுவனத்துக்கும் இடம் ஒதுக்குவதற்கு முன், ரோட் ஐலண்டு பல்கலைக்கழக அறிஞர்களும் மாநிலக் கரையோர மேலாண்மைக் குழுவும் சேர்ந்து 2008 முதல் 2010 வரை கடலை வரைபடமாக்கினார்கள். சுமார் 3,800 சதுர கிலோமீட்டர்ப் பரப்பு: இழுவலைப் படகுகள் எங்கே ஓடுகின்றன, பறவைகள் எங்கே இரை தேடுகின்றன, திமிங்கிலம் எந்தப் பக்கம் வருகிறது, பனியாறுகள் விட்டுச்சென்ற பாறைமேடுகள் எங்கே உள்ளன. மீனவர்களும் நரகன்செட் பழங்குடியினரும் பேச்சில் அமர்ந்தார்கள். மீனவர் ஆலோசனைக் குழு ஒன்றும் சட்டப்படி அமைந்தது.

அதன் விளைவாக, பிளாக் ஐலண்டு தீவுக்கு அருகே ஐந்து காற்றாலைகள், 30 மெகாவாட், 2016 டிசம்பரில் மின்சாரம் தரத் தொடங்கின. அமெரிக்காவின் முதல் வணிகக் கடல் காற்றாலைப் பண்ணை அது. படகில் வந்த டீசலை ஆண்டுக்குப் பத்து லட்சம் கேலன் அளவில் எரித்து மின்சாரம் தயாரித்த தீவு, 2017 மே மாதம் அந்த எந்திரங்களை நிறுத்தியது. கேப் விண்டையும் இதையும் அருகருகே வைத்து, முதலில் பேசிவிட்டுப் பிறகு கட்டியதால்தான் இது நின்றது என்று ஒயிட்ஹவுஸ் சொல்லிவருகிறார்.

அந்த வெற்றிக்கு விலையும் உண்டு. ஒப்பந்த விலை யூனிட்டுக்கு 24.4 சென்ட், ஆண்டுதோறும் 3.5 விழுக்காடு உயர்வு. மின்கட்டண ஆணையம் 2010இல் முதலில் இதை நிராகரித்தது. சட்டமன்றம் விதியைத் திருத்திய பிறகே ஒப்புதல் கிடைத்தது. சிறு தீவின் சிறு திட்டம் என்பதால் மாநிலத்தின் மின்நுகர்வோர் எல்லோரும் பகிர்ந்து சுமக்க முடிந்தது. அடுத்து வந்த 'ரெவல்யூஷன் விண்ட்' திட்டத்தில் ரோட் ஐலண்டுக்கான விலை 9.8 சென்ட்டாகக் குறைந்தது. விலைப் பிரச்சினை தணிந்தபோது அளவுப் பிரச்சினை முளைத்தது.

ஐந்திலிருந்து அறுபத்தைந்து

ரெவல்யூஷன் விண்ட் 704 மெகாவாட் திட்டம். அதன் இடத்தில் காக்ஸ் மேடு என்ற பாறைத்திட்டு இருக்கிறது. காட் மீன் முட்டையிடும் இடம் அது. நூறு வரை எண்ணப்பட்ட காற்றாலைகள் இறுதியில் 65 ஆயின. மீனவர்களுக்கு அதுவும் போதவில்லை. கோபுரங்களுக்கிடையே இழுவலை இழுப்பது ஆபத்து, ரேடார் குழம்பும், இழப்பீடு சொற்பம் என்று சொன்னார்கள். அக்கம்பக்கத் திட்டங்களுக்கு மாநிலம் வரிசையாக ஒப்புதல் தந்ததைக் கண்டித்து, 2023இல் மீனவர் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர்கள் கூண்டோடு விலகினார்கள். பிளாக் ஐலண்டின் பெருமையாக இருந்த அமைப்பே அன்று காலியானது.

2024 ஜூலையில் 'வின்யார்ட் விண்ட்' என்ற பக்கத்துக் காற்றாலைத் திட்டத்தில் 107 மீட்டர் நீள இறக்கை ஒன்று உடைந்து, அதன் கண்ணாடியிழைத் துண்டுகள் நான்டக்கெட் கடற்கரையில் ஒதுங்கின. கடல் குப்பைக்கு எதிராக இரு சட்டங்கள் தந்தவருக்கு, தூய ஆற்றலே குப்பையாக வந்து கரையேறியது சங்கடந்தான். காற்றாலைகளால் திமிங்கிலங்கள் இறக்கின்றன என்ற புகாருக்கு ஆதாரம் இதைவிடக் குறைவு. 400க்கும் குறைவாகவே எஞ்சியுள்ள வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலத்தைக் கொல்பவை முக்கியமாகக் கப்பல் மோதலும் மீன்பிடிக் கயிறுகளும். காற்றாலை ஆய்வுப் பணிகளால் பெரிய திமிங்கிலங்கள் இறந்ததற்குச் சான்று இல்லை என்பது கூட்டாட்சி கடல் ஆய்வு அமைப்பின் நிலைப்பாடு.

ஒயிட்ஹவுசின் பணக் கோட்பாடு இங்கே பாதி பொருந்துகிறது. வின்யார்ட் விண்ட்டுக்கு எதிராக மீன்தொழிலினருக்காக வழக்காடியது, எரிபொருள் துறையின் நன்கொடை பெற்ற டெக்சாஸ் சிந்தனைக் குழு ஒன்று. ஆனால் வழக்கை நடத்தியவர் யார் என்று காட்டிவிட்டால் மீனவரின் புகார் பொய்யாகிவிடாது. வெளியிலிருந்து வந்த பணம் ஏற்கெனவே இருந்த மனத்தாங்கலைப் பயன்படுத்திக்கொண்டது.

2025இல் அந்த மனத்தாங்கலுக்கு வெள்ளை மாளிகையின் துணையும் கிடைத்தது. 80 விழுக்காடு முடிந்திருந்த ரெவல்யூஷன் விண்ட் பணிகளை ஆகஸ்ட் 22 அன்று டிரம்ப் அரசு நிறுத்தியது. ஒரு மாதம் கழித்து நீதிமன்றம் தொடரவிட்டது. டிசம்பரில் நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டி ஐந்து கடல் காற்றாலைத் திட்டங்கள் இடைநிறுத்தப்பட்டன. செனட் சூழல் குழுவின் மூத்த எதிர்க்கட்சி உறுப்பினரான ஒயிட்ஹவுஸ், திட்ட அனுமதிகளை விரைவாக்கும் சட்டம் பற்றி குடியரசுக் கட்சியினரோடு நடத்திவந்த பேச்சை அதோடு முறித்தார். கொடுத்த அனுமதியையே ஆட்சியாளர் பறிக்கலாம் என்றால் அனுமதிச் சட்டத்துக்கு என்ன மதிப்பு என்ற அவர் வாதம் நியாயமானது.

எது நிலைத்தது?

கடைசி ஆண்டுகளில் அவர் தன் வாதத்தின் களத்தை மாற்றியிருக்கிறார். 2023இல் பட்ஜெட் குழுவின் தலைவரானதும், வெள்ளமும் புயலும் காட்டுத்தீயும் வீட்டுக் காப்பீட்டை எப்படிக் குலைக்கின்றன என்று விசாரணைகள் நடத்தினார். காப்பீடு இல்லாத வீட்டுக்கு வங்கிக் கடன் இல்லை. கடன் கிடைக்காத வீட்டுக்கு விலை இல்லை. ஃபுளோரிடாவின் குடியரசுக் கட்சி வாக்காளருக்கும் இது வீட்டுவாசல் விவகாரம். மீன் சொல்லிக் கேட்காதவர்கள் காப்பீட்டுத் தவணை சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இதில் இருக்கிறது.

அவருடைய பதிவேட்டிலும் அவர் மாநிலத்திலும் ஊற்றுக்கண்ணைத் தொட்டவை இரண்டே. ஒன்று மீத்தேன் கட்டணம்: ஒரு கட்சியின் பலத்தில் பிறந்து, மூன்றாண்டுக்குள் முடங்கியது. மற்றொன்று அவர் மாநிலம் செய்தது: பிளாக் ஐலண்டில் டீசலை அணைத்த ஐந்து காற்றாலைகள். அந்தக் கடலில் யார் யாருக்கு என்ன பிழைப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டுப் போட்ட திட்டத்தின் விளைவு அது. பணத்தின் கையைத் தோலுரித்துக் காட்டியதில் ஒயிட்ஹவுசுக்கு நிகரான செனட்டர்கள் குறைவு. என்றாலும் எதிரியை அடையாளம் காட்டுவதால் கூட்டாளி தானாகச் சேர்ந்துவிடுவதில்லை. வெப்பமேறும் கடலால் முதலில் நட்டப்பட்டவன் மீனவன். கார்பனுக்கு எதிரான அரசியலில் இயல்பாகவே முன்வரிசையில் நிற்க வேண்டியவன். ஐந்து காற்றாலைகளுக்குக் காட்டிய பொறுமையை அறுபத்தைந்துக்கும் காட்டாததால் அவன் எதிர்வரிசைக்குப் போய்விட்டான். அடுத்த ஆட்சியில் நின்றுபோன திட்டங்களை எல்லாம் மறுபடி தொடங்கலாம். காலியான ஆலோசனைக் குழுவின் நாற்காலிகளில் மீனவர்களைத் திரும்ப உட்காரவைக்காமல் தொடங்கினால், அவையும் அதற்கடுத்த ஆட்சி வரைதான் ஓடும்.